வழியிடைக் குளிர்கருவி பழுதுறின் செய்யத்தக்கன

மக்கள் தம் வாழ்க்கைக்கெனச் சமைத்துக்கொண்ட கருவிகள் இருவகைப்படும். இல்லாதவிடத்துத் தொழிலே நடவாதன ஒரு வகை. உள்ளவிடத்துத் தொழில் இனிது நடத்தற்குத் துணையாவன மற்றொரு வகை. மோட்டார் வண்டியிலே சக்கரமும் பிரேக்கும் முன்னைய வகையின; குளிர்காற்றுத் தரும் கருவி பின்னைய வகையது. அது கெட்டவழி நாம் வியர்த்து வருந்துவதன்றி வேறு கேடின்று என்றே பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் ஒரு பாதி உண்மை, மறுபாதி பிழை. இன்பக் கருவியாகிய அது சிலபோது இன்றியமையாக் கருவிகளையும் தன்னொடு இழுத்துக்கொண்டு கெடுவதுண்டு. அஃது எப்போது நிகழும், அதனை அறிவது எங்ஙனம், அறிந்தபின் நடுவழியில் நிற்பார் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இயந்திர ஆராய்ச்சி எற்றுக்கு என வினவுவாரும் உளர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போதும், திருமணங்களுக்குச் செல்லும்போதும், கல்வெட்டுக் காணச் செல்லும்போதும் நாம் ஏறுவது மோட்டார் வண்டியே. அது வெயிலில் நின்றுவிடுங்கால், இலக்கணம் கற்றவனென்றும் கணிதம் கற்றவனென்றும் சூரியன் வேறுபாடு காட்டுவதில்லை. ஆதலின் இதனை அறிந்துகொள்ளுதல் யாவர்க்கும் நன்றேயாம்.

கருவியின் இயல்பு

நீர் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்த வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும் என்பது மண்பானையில் தண்ணீர் குளிர்தலால் யாவரும் அறிந்ததே. வண்டியின் குளிர்கருவியும் இவ்வியற்கையையே துணைக்கொண்டு இயங்குவது. அதனுட் சுழன்று வருவது, தொழிலாளர் ‘கேஸ்’ என்று வழங்கும் ஒரு பொருள். இன்று ஓடும் வண்டிகள் பலவற்றில் உள்ள கேஸ் ஆர்-134ஏ எனப்படும். சாதாரணக் காற்றழுத்தத்தில் இது பூச்சியத்திற்குக் கீழ் 26 டிகிரி செல்ஷியஸ் அளவிலேயே கொதித்து ஆவியாகிவிடும்.

இவ்வாவியை உறிஞ்சி அமுக்குவது கம்ப்ரஸர். அமுக்குண்ட கேஸ் மிக்க சூடுடையதாய் வண்டியின் முகப்பிலுள்ள கண்டென்ஸரை அடைந்து, வெளிக்காற்றிற்குத் தன் வெப்பத்தை ஈந்து நீர்மமாகின்றது. பின்னர், ஈரத்தை வாங்கும் டிரையர் வழியே சென்று, எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் நுண்துளையைக் கடக்கின்றது. கடந்தவுடன் அழுத்தம் திடீரெனக் குறைதலின், கூலிங் காயிலினுள் அது கொதித்து ஆவியாகி, அக்காயிலின்மேல் வீசும் காற்றின் வெப்பத்தைக் கவர்கின்றது. வெப்பமிழந்த அக்காற்றே நம்மேல் வந்து வீசுவது. ஆவியோ மீண்டும் கம்ப்ரஸரை அடைகின்றது. கோடைக்காலத்தில் இதன் உறிஞ்சும் பக்கத்திலே சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 பவுண்டும், தள்ளும் பக்கத்திலே 200 பவுண்டும் அதற்கு மேலும் அழுத்தம் நிற்கும். கேஸோடு கலந்து ஒருவகை எண்ணெயும் சுழன்று வந்து கம்ப்ரஸரின் உள்ளுறுப்புக்களைத் தேய்வினின்றும் காக்கின்றது.

இனிக் கம்ப்ரஸரை இயக்குவது யாது என்பதனை நோக்குவாம். அதன் முகத்தில் ஒரு புல்லி உண்டு. எஞ்சின் ஓடுங்காலமெல்லாம் பெல்ட் ஒன்று அப்புல்லியைச் சுழற்றிக்கொண்டேயிருக்கும். புல்லிக்கு முன்னே கிளட்ச் தட்டு என்பதொன்று சிறிது விலகி நிற்கும். ஏ.ஸி. சுவிட்சைப் போட்டவுடன் மின்காந்தம் அத்தட்டை இழுத்துப் புல்லியோடு சேர்க்கும், அப்போது ‘டிக்’கென்று ஓர் ஒலி கேட்கும், கம்ப்ரஸர் சுழலத் தொடங்கும். சுவிட்சை நிறுத்தின் தட்டு விலகிவிடும். புல்லிமட்டும் வெறிதே சுழன்றுகொண்டிருக்கும். எனவே, புல்லி சுழலுதல் வேறு, கம்ப்ரஸர் சுழலுதல் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வார்க்கே மேல் வருவன தெளிவாக விளங்கும்.

வரலாற்றில் ஒரு செய்தி

மோட்டார் வண்டியிற் குளிர்கருவியை அமைத்து முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தவர் அமெரிக்க தேசத்துப் பாக்கார்டு கம்பெனியார். 1939ஆம் ஆண்டில் அவர்கள் இதனை உலகிற்குக் காட்டினர். அக்காலத்துக் கருவியின் குளிரூட்டும் பகுதி வண்டியின் பின்புறத்துப் பெட்டியறையில் பேரிடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதனினும் வியக்கத்தக்க குறையொன்று அதற்கு இருந்தது. அதன் கம்ப்ரஸருக்குக் கிளட்ச் இல்லை. குளிர் வேண்டாவிடின் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையாற் கழற்றவேண்டும். 1941ஆம் ஆண்டோடு அவர்கள் அம்முயற்சியைக் கைவிட்டனர். ஆயினும், அவர்தம் வண்டியோட்டிகள் குளிர் வேண்டாத நாளிற் செய்த அதே செயலைத்தான், கம்ப்ரஸர் கெட்ட நாளில் நாமும் செய்ய நேர்கின்றது.

அற்றை நாளில் கேஸாக விளங்கியது ஆர்-12 என்பது. அது தீப்பற்றாதது, நஞ்சற்றது என்று பெரிதும் போற்றப்பெற்றது. ஆனால் 1974ஆம் ஆண்டில் மொலினா, ரோலண்டு என்னும் அறிஞர் இருவர் அவ்வினத்துப் பொருள்கள் வானின் உயரத்தே உள்ள ஓசோன் படலத்தை அழிக்கவல்லன என்று எடுத்துக்காட்டினர். 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை அவற்றை விலக்க வழிசெய்தது. 1990ஐ அடுத்த ஆண்டுகளில் ஆர்-134ஏ அதன் இடத்தைப் பெற்றது. இதுவோ ஓசோனைக் கெடுப்பதன்று. ஆயினும் பூமியைச் சூடாக்கும் ஆற்றலிற் கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்கிற்கு மேற்பட்டது. ஆதலின் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017ஆம் ஆண்டுமுதல் புதிய கார்களில் இதனை நிரப்புதல் தடுக்கப்பட்டுள்ளது. கேஸைக் காற்றில் வீணே திறந்துவிடலாகாது என்பதற்கு இஃதொரு காரணமாம். மற்றொரு காரணத்தைப் பின்னர்க் கூறுதும்.

பழுதின் வகைகள்

கம்ப்ரஸர் ‘போய்விட்டது’ என்று பொதுவாகச் சொல்லுமிடத்து உண்மையில் நான்கு வேறு பழுதுகள் அடங்கியுள்ளன.

முதலாவது, கேஸ் கசிந்து குறைந்தமை. அழுத்தம் குறைந்தால் அதனை அறியும் சுவிட்ச் ஒன்று கிளட்ச்சுக்கு மின்சாரம் செல்லாதவாறு தடுத்துவிடும். காற்று வீசும், குளிர் இராது, தீய ஒலியும் இராது. ஈண்டுக் கம்ப்ரஸர் கெடவில்லை. தன்னைக் காத்துக்கொண்டு வாளா இருக்கின்றது. இதனை அறியாது மின்கம்பியை நேரே இணைத்து அதனை வலிந்து ஓட்டுவாருமுளர். கேஸ் குறைந்தால் எண்ணெயும் திரும்பி வாராது. எண்ணெயின்றி ஓடும் கம்ப்ரஸர் விரைவில் தேய்ந்து அழியும். சிறு பழுதைப் பெரும் பழுதாக்கும் வழி இதுவே.

இரண்டாவது, கிளட்ச்சின் பழுது. அதன் காயில் எரிந்துபோதல், பியூஸ் போதல், ரிலே கெடுதல் ஆகியவை இதன்பாற்படும். இதிலும் குளிர் இராதேயன்றி வண்டிக்குக் கேடில்லை.

மூன்றாவது, கம்ப்ரஸர் உள்ளே இறுகிப்போதல். சுவிட்சைப் போட்டவுடன் பெல்ட் கிறீச்சிடும், எஞ்சின் திணறும், எரிந்த ரப்பர் நாற்றம் எழும், சிலபோது புகையும் தோன்றும். சுவிட்சை நிறுத்தியவுடன் இவையெல்லாம் நின்றுவிடின், புல்லி இன்னும் நலமாயுள்ளது என்று அறியலாம்.

நான்காவது, புல்லியின் பேரிங் அழிந்துபோதல். இஃதே அஞ்சத்தக்கது. சுவிட்ச் போடினும் போடாவிடினும் அரைக்கும் ஒலி நிற்காது. எஞ்சின் விரைய விரைய ஒலியும் விரையும். புல்லி தள்ளாடிச் சுழலும். இறுதியில் சுழற்சி நின்று, பெல்ட் அதன்மேல் உராய்ந்து எரியும்.

முன்னைய மூன்றும் சுவிட்சுக்குக் கட்டுப்பட்டன, நான்காவது கட்டுப்படாதது. ஆகவே, குளிர் நின்றதும் நாம் கேட்கவேண்டிய முதல் வினா ‘குளிர் மீண்டும் வருவது எப்போது?’ என்பதன்று, ‘புல்லி தடையின்றிச் சுழல்கின்றதா?’ என்பதே.

பெல்ட்டின் நிலை

புல்லிக்கு இத்துணைச் சிறப்பு எதனால் வந்தது? பெல்ட்டினால் வந்தது. பழைய வண்டிகளில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பெல்ட் இருந்தது. இக்காலத்து வண்டிகள் பலவற்றிலோ நீண்ட பெல்ட் ஒன்றே பாம்புபோல் வளைந்து வளைந்து சென்று, பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரையும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் செலுத்தும் வாட்டர் பம்பையும், சில வண்டிகளிற் ஸ்டியரிங்குக்குத் துணைசெய்யும் பம்பையும், கம்ப்ரஸரையும் ஒருங்கே சுழற்றுகின்றது. இலக்கண முறையிற் கூறுமிடத்து, பல எழுவாய்களை ஒரு வினைமுற்று முடித்து நிற்பது போன்றது இது. எழுவாய்களுள் ஒன்று நீங்கினும் வாக்கியம் நிற்கும். வினைமுற்றே சிதைந்தால் எழுவாய்கள் அனைத்தும் முடிபின்றி நிற்கும்.

புல்லி இறுகிப் பெல்ட் அறுந்தால் நிகழ்வன இவை. டாஷ்போர்டிற் பாட்டரி விளக்கு எரியும். ஸ்டியரிங் கனக்கும். வாட்டர் பம்ப் அப்பெல்ட்டினாலேயே ஓடுவதாயின், சில நிமிஷங்களில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். அந்நிலையிலும் ‘அடுத்த ஊர் அருகிலேதான்’ என்று வண்டியைச் செலுத்துவோர் எஞ்சினின் தலைப்பகுதியை உருக்குலைத்துவிடுவர். சில வண்டிகளில் வாட்டர் பம்ப் வேறு வழியில் இயங்கும். அவற்றில் எஞ்சின் சூடேறாவிடினும் பாட்டரியில் உள்ள மின்சாரம் தீருமளவே வண்டி ஓடும்.

நடுவழியிற் செய்வன

தீய ஒலியோ நாற்றமோ தோன்றியவுடன் ஏ.ஸி. சுவிட்சை நிறுத்துக. கண்ணாடியின் பனிநீக்கும் நிலையில் திருகு இருப்பின் அதனையும் மாற்றுக. என்னையெனின், பல வண்டிகளில் அந்நிலை நம்மைக் கேளாமலே கம்ப்ரஸரை இயக்கிவிடும். பின்னர் இடப்புறமாக ஒதுங்கி, கூடுமானவரை சாலையின் ஓட்டத்தினின்று விலகி நிறுத்துக. நான்கு விளக்குகளும் மின்னுமாறு செய்து, முக்கோண அடையாளத்தை வண்டிக்குப் பின்னே ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவில் வைக்க. உடன்வந்தோரைச் சாலையின் பக்கம் நில்லாது, தடுப்புக்கு அப்பால் நிழலில் இருத்துக.

அதன்பின் பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது கையும் துணியும் அணுகாத தொலைவில் நின்று புல்லியை நோக்குக. புல்லி நேராகவும் ஒலியின்றியும் சுழல, முன்தட்டு அசையாது நிற்பின், நற்செய்தி. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துச் சூடு தணிந்தபின் அம்முன்தட்டைக் கையாற் சுழற்றிப் பார்க்க. சுழன்றால் கம்ப்ரஸரின் உள்ளுறுப்பு இறுகவில்லை, சுழலாதாயின் இறுகிற்று. எங்ஙனமாயினும் புல்லி நலமாயிருத்தலின், கிளட்ச்சுக்குச் செல்லும் மின்கம்பியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அல்லது ஏ.ஸி.யின் பியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு, பயணத்தைத் தொடரலாம். கழற்றுவது எதற்கெனின், உடன்வருவோருள் ஒருவர் அறியாது சுவிட்சைப் போட்டுவிடாமைப் பொருட்டு.

புல்லியே கெட்டிருப்பின் இரண்டு நிலைகள் உள. கம்ப்ரஸருக்கெனத் தனிப் பெல்ட் இருந்தால், எஞ்சினை அணைத்தபின் அப்பெல்ட்டைத் தளர்த்தி எடுத்துவிடலாம். தளர்த்தக் கருவியில்லாதபோது கத்தியால் அறுத்தும் எடுக்கலாம். அறுத்த துண்டு ஒன்றும் உள்ளே தங்கலாகாது. ஒரே பெல்ட்டாயின் அதனைத் தொடலாகாது. சில வண்டிகளில், கம்ப்ரஸரை விலக்கிச் செல்லத்தக்க குறும்பெல்ட்டையோ, கம்ப்ரஸரின் இடத்தில் பூட்டத்தக்க வெறும்புல்லியையோ இட்டுப் பட்டறையார் வண்டியை ஓடச்செய்வர். பெல்ட்டின் போக்கு இடந்தருமாயினன்றி இதுவும் இயலாது. அஃது இயலாதவழி, வண்டியை ஏற்றிச் செல்லும் லாரியை வரவழைப்பதே தக்கது. தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 என்னும் எண்ணை அழைக்கலாம்.

புதிய வண்டிகள் சிலவற்றில் கிளட்ச்சே இல்லை. புல்லியோடு கம்ப்ரஸரும் எப்போதும் சுழலும். அவற்றில் முன்தட்டு எந்நேரமும் சுழலுதல் பழுதன்று. கம்ப்ரஸர் இறுகுமாயின், புல்லியின் நடுவே வேண்டுமென்றே மெலிதாக அமைத்த பகுதி முறிந்து, புல்லியைத் தனியே சுழலவிடும். அம்முறிவே பெல்ட்டைக் காக்கும் ஏற்பாடு.

ஓர் எடுத்துக்காட்டு

சென்ற ஏப்ரல் மாதத்தில் நம் தமிழ் வகுப்பினர் பதினாறு பேர், முதியவராகிய ஆசிரியர் ஒருவரோடு, எட்டயபுரத்துப் பாரதியார் மணிமண்டபத்தைக் காணும் விருப்பத்தோடு மதுரையினின்றும் வாடகை வேனிற் புறப்பட்டோம். விருதுநகரைக் கடந்து சாத்தூரை நோக்கிச் செல்லும்போது நண்பகலாயிற்று. காற்று வெதும்பியது; அரைக்கும் ஒலி எழுந்தது. ஓட்டுநர் உடனே சுவிட்சை நிறுத்தினார். ஒலி நிற்கவில்லை. அவர் மறுமொழி யாதும் பேசாது, பெட்ரோல் பங்க் ஒன்றனுள் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டார்.

நண்பர் சிலர், “அண்ணே, குளிர் இல்லாவிட்டாலும் குற்றமில்லை, நேரமாகிறது, போகலாம்” என்றனர். அவர் நம் ஆசிரியரை நோக்கி, “ஏ.ஸி. போனாப் போகட்டும் ஐயா. இந்தச் சத்தத்தோட ஓட்டுனா பெல்ட்டு அறும். அறுந்த பெல்ட்டு பக்கத்துப் பெல்ட்டையும் இழுத்துட்டுப் போயிரும். அப்புறம் வண்டி இந்தப் பொட்டல்ல நின்னுரும்” என்றார். அவ்வண்டியிற் கம்ப்ரஸருக்குத் தனிப் பெல்ட் இருந்தது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, போல்ட் ஒன்றைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றி இருக்கையின் அடியில் வைத்தார். மீண்டும் எஞ்சினை ஓட்டியபோது ஒலியில்லை. எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்தது.

எனினும் ஆசிரியர் உடனே புறப்பட இசைந்தாரல்லர். அதற்குள் நம்முள் ஒருவனுக்குத் தலைவலியும் குமட்டலும் தோன்றியிருந்தன. அவனை நிழலிற் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, சிறிது சிறிதாக நீர் பருகச் செய்தோம். பின்னர்ச் சாத்தூரை அடைந்து, மரநிழலில் வெள்ளரிப் பிஞ்சு தின்று, வெயில் தாழும்வரை அங்கேயே தங்கினோம். மாலை ஐந்து மணிக்கு எட்டயபுரம் செல்வதா, மதுரை மீள்வதா என்ற வினா எழுந்தது. நோயுற்ற நண்பனை உளங்கொண்டு மதுரைக்கே திரும்பினோம். மணிமண்டபத்தைக் காணாமை வருத்தமே. ஆனால் பதினேழு பேரும், வண்டியும், ஓட்டுநரும் இரவு ஒன்பது மணிக்குள் நலமே மீண்டோம்.

இந்நிகழ்ச்சியில் எடுத்த முடிவுகள் இரண்டு. புல்லியைப்பற்றிய முடிவு ஓட்டுநருடையது. உயிரைப்பற்றிய முடிவு ஆசிரியருடையது. இரண்டும் வேண்டுவனவே.

செய்யத்தகாதன

கேஸ் செல்லும் குழாய்களை நடுவழியிற் கழற்றலாகாது. அழுத்தத்தினின்று விடுபட்ட கேஸ் கொதித்து வெளிவரும்போது, பட்ட தோலை உறையச் செய்து புண்ணாக்கும். கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. நெருப்பிலோ மிக்க சூட்டிலோ பட்டால் நச்சுவாயுவாகச் சிதையும். இஃதே முன்னர்ச் சொல்லாது விட்ட மற்றொரு காரணம். எஞ்சின் சூடேறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறத்தலும் ஆகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுடும். இறுகிய கம்ப்ரஸரைச் சுத்தியலால் தட்டிச் சுழலச்செய்ய முயலுதலும் வீண்.

மின்சார வண்டிகளின் நெறி முற்றும் வேறு. அவற்றிற் பெல்ட் இல்லை. பெரிய பாட்டரியின் உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரத்தினால் கம்ப்ரஸர் தானே இயங்கும். பலவற்றில் அதுவே பாட்டரியையும் குளிர்விக்கும். எனவே அது கெட்டவழி வண்டி தன் வேகத்தையும், மின்னேற்றும் விரைவையும் தானே குறைத்துக்கொள்ளலாம். ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடுதல் உயிருக்கு ஆபத்து. டாஷ்போர்டு காட்டும் எச்சரிக்கையின்படி நடந்து, பயின்ற தொழிலாளரை அழைப்பதொன்றே வழி.

உடன்செல்வோர் நலம்

எஞ்சின் நலமாயினும் உள்ளிருப்போர் நலமாயிருத்தல் வேண்டுமன்றோ? மூடிய வண்டி வெயிலில் நிற்குமாயின், பத்து நிமிஷத்திலேயே உள்வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்ஷியஸ் உயர்ந்துவிடும். ஆதலின் மெக்கானிக்கைத் தேடிச் செல்லும்போது குழந்தையையோ முதியோரையோ வண்டியினுள் விட்டுச் செல்லலாகாது. ஓடும்போது, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தால் காற்று ஊடறுத்துச் செல்லும். தாகம் எடுக்குமுன்னரே நீர் பருகுதல் நன்று. நண்பகலைத் தவிர்த்து விடியற்காலையிலும் மாலையிலும் செல்லுதல் சிறந்தது.

உடம்பு அனலாகி, பேச்சுத் தடுமாறி, அறிவு மயங்குமாயின் அது வெறும் களைப்பன்று, வெப்பத்தாக்கு. 108 என்னும் எண்ணுக்கு அழைத்துவிட்டு, நோயாளியை நிழலிற் கிடத்தி, உடம்பில் நீரூற்றி, விசிறுக. நினைவிழந்தவர் வாயில் நீர் வார்த்தலாகாது.

மழைக்காலத்தில் இடையூறு வேறுவகையது. குளிர்கருவி காற்றின் ஈரத்தையும் வாங்குவது. அஃதின்மையால் கண்ணாடியின் உட்புறம் மூச்சின் ஆவியால் மங்கும். அப்போது உட்காற்றையே சுழற்றும் நிலையை மாற்றி, வெளிக்காற்றை உள்ளே விட்டு, சூடான காற்றைக் கண்ணாடியின்மேற் செலுத்தி, சன்னலைச் சிறிது திறந்துவைத்தால் கண்ணாடி தெளியும். தெளியாவிடின் வண்டியை நிறுத்துவதே முறை.

பட்டறையிற் கேட்கத்தக்கன

ஊர் அடைந்தபின் கம்ப்ரஸரைமட்டும் மாற்றிவிட்டால் போதும் என எண்ணற்க. உள்ளே அரைபட்டு அழிந்த கம்ப்ரஸர் உலோகத்துகள்களைக் குழாய்களெங்கும் பரப்பியிருக்கும். அவை கண்டென்ஸரிலும் வால்விலும் தங்கிப் புதிய கம்ப்ரஸரையும் அழிக்கும். எனவே, குழாய்களைக் கழுவினீர்களா, டிரையரை மாற்றினீர்களா, கண்டென்ஸரில் துகள் உளதா, தக்க எண்ணெயைத் தக்க அளவில் இட்டீர்களா, காற்றையும் ஈரத்தையும் பம்பினால் வாங்கியபின் கேஸ் நிரப்பினீர்களா என்று ஐந்து வினாக்களைக் கேட்டறிக. கிளட்ச்சோ பேரிங்கோ மட்டும் கெட்டிருப்பின், அவற்றைத் தனியே மாற்ற இயலுமா என்பதனையும் கேட்க. இயலுமாயின் கேஸ் வழியைத் திறவாமலே செலவு பெரிதும் குறையும். பழைய கேஸைக் காற்றில் விடாது கருவியினால் திரும்ப வாங்கிக்கொள்ளும் பட்டறையே நற்பட்டறை.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், கம்ப்ரஸரின் பழுதுகள் எல்லாம் ஒரு தன்மையனவல்ல என்பதும், புல்லி சுழலுமளவும் நாம் இழப்பது குளிரொன்றே என்பதும், புல்லி நின்றவழி வண்டியே நிற்கும் என்பதும் விளங்கும். குளிரை இழந்தார் வருந்துவர். பெல்ட்டை இழந்தார் வழியில் நிற்பர். எச்சரிக்கையை இழந்தாரோ எஞ்சினையும், ஒருகால் உடன்வந்தார் நலத்தையும் இழப்பர். கெட்ட உறுப்பைக் காலத்தே பிரித்தொதுக்கி, எஞ்சியவற்றைக் காத்து, மெல்லச் சென்று ஊர் சேர்தலே அறிவுடையார் செயல். கோடை விடுமுறைக்குப் புறப்படும் நண்பர்கள், வண்டியில் ஏறுமுன் பானெட்டை ஒருமுறை திறந்து, தம் வண்டியின் கம்ப்ரஸருக்குப் பெல்ட் தனித்ததா பொதுவானதா என்பதனைமட்டுமேனும் பார்த்துக்கொள்வாராக. பார்த்தற்கு இரண்டு நிமிஷம் போதும். பட்டப்பகலிற் பொட்டலில் நிற்கும்போது அவ்வறிவு பெரிதும் உதவும்.